பொய்ப் பச்சை

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்கு வரும் காலை வண்டியின் பெண்கள் பெட்டியில் ‘சீட்டு சொல்வது’ என்று ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் மீறினால் ஒரு வாரத்துக்கு எவளும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். நிற்கிறவள் உட்கார்ந்திருக்கிறவளிடம், “எங்க எறங்குவீங்க?” என்று கேட்பாள். “அம்பத்தூர்” என்று பதில் வந்தால், “அப்ப எனக்கு” என்று சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு நேர் எதிரே வேறொருத்தி நின்றாலும், அம்பத்தூரிலிருந்து அது கேட்டவளுடையது.

வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. சீட்டு சொன்னவள்தான் உட்கார்ந்திருப்பவளை அவளுடைய ஸ்டேஷனில் எழுப்பிவிட வேண்டும். காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, டிபன் கட்டி, ஓடிவந்து ஏறுகிற பெண்கள் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார்கள். இடம் வேண்டுமென்கிற ஆசையும் எழுப்பிவிடுகிற பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்ததால், அநேகமாக யாரும் ஸ்டேஷனைத் தவறவிட்டதில்லை. வண்டிக்கு ஏசி வந்து, கதவுகள் தாமாக மூடத் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. இந்த வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

பிரமிளா வேப்பம்பட்டில் ஏறுகிறவள். அங்கே வண்டி வரும்போது ஒரு இடம்கூட காலி இருக்காது. நான்கு வருஷங்களாக அவள் சீட்டு சொல்லி வந்தது கஸ்தூரி அக்காவிடம். கஸ்தூரி கடம்பத்தூரில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் சமைப்பவள். ஐம்பத்து நான்கு வயது. ஏசி குளிருக்கு முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிடுவாள். அம்பத்தூர் தாண்டியதும் பிரமிளா தோளைத் தொடுவாள்.

“அக்கா, பட்டரவாக்கம்.”

“வந்துட்டானா அதுக்குள்ள?” என்று ரயிலை ஓர் ஆளைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே கஸ்தூரி எழுந்திருப்பாள். இடத்தைக் கையால் தட்டிக் காட்டி, “உக்காரு தாயி” என்பாள். நான்கு வருஷத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் பிரமிளா லீவு போட்ட மறுநாள், “நேத்து கொரட்டூர் வரைக்கும் போயிட்டு வந்தேன், உன்னாலதான்” என்று கஸ்தூரி சொல்வதற்குத் தவறமாட்டாள்.

பிரமிளாவுக்கு வேலை பாரிமுனையில், ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில். சரக்கு விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற வேலை. அந்த வேலையை இயந்திரங்களே செய்யத் தொடங்கியபோது மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, வருஷக் கடைசிக்குள் கணினி நிரல் எழுதக் கற்றுச் சான்றிதழ் வாங்குபவர்கள் இருக்கலாம் என்றார். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆளுக்கொரு கைக்கணினி கொடுத்தார்கள். சோப்பு டப்பா அளவு, கீழ்ப்பாதியில் குட்டி விசைகள். ரயிலில் எல்லோரும் அதை டப்பா என்றே சொன்னார்கள்.

நாற்பத்திரண்டு வயதில், ஒரு கையால் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலால் பிரமிளா நிரல் எழுதப் படித்தாள். வீட்டில் நேரம் கிடையாது. அவளுக்குப் பள்ளிக்கூடம் இந்த வண்டிதான். ‘எனில், இல்லையெனில்’ பாடம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே புரிந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுழல் மட்டும் பல நாள் புரியவில்லை. கொரட்டூருக்கு வெளியே சிக்னலுக்காக வண்டி வழக்கம்போல் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், அது எப்போது முடியவேண்டும் என்று சொல்ல மறந்ததுதான் தன் தவறு என்று திடீரென்று விளங்கியது. அன்று அவள் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, வில்லிவாக்கத்தில் இறங்குகிற எஸ்தர் டீச்சர், “என்னம்மா, லாட்டரியா?” என்று கேட்டார்.

கடைசிப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் அன்றாட வாழ்க்கையில் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, இந்தக் கருவியின் உணரிகளை வைத்துத் தீருங்கள். பிரமிளாவின் அன்றாட வாழ்க்கையில் அரை மணி நேரம் நிற்பதுதான் பெரிய சிக்கல்.

“என்னாத்தையோ நோண்டிக்கிட்டே இருக்கியே, என்னா அது?” என்று நசீமா கேட்டாள். அவள் திருநின்றவூரில் ஏறி பெரம்பூரில் இறங்குகிறவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

“இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல அடுத்து யார் எழுந்திருப்பாங்கன்னு இது சொல்லப் போவுது.”

“அதுக்கு எதுக்கு மெஷினு? வாயில்லையா கேக்க?”

“பரீட்சைக்குக் காட்டணும்ல.”

“சரி, அதுக்கு எப்படித் தெரியும்?”

“கை ஈரமா இருந்தா தொடாமலே சைகை காட்டினா வேலை செய்யுதில்ல, அதுக்காக உள்ள ஒரு உணரி வெச்சிருக்கான். பத்தடிக்குள்ள மனுசங்க அசையறது, மூச்சு விடுறது எல்லாம் அதுக்குத் தெரியும். யாரு என்னன்னு தெரியாது. அசைவு மட்டும்தான்.”

“மூச்சு விடுறதைக்கூடவா?”

“ஆறு வாரமா யாரு எங்க எறங்குறாங்கன்னு நான் குறிச்சுக் குடுத்திட்டு வரேன். அதை வெச்சு அதுவே ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கு. எறங்கப் போறவங்க ரெண்டு ஸ்டேஷனுக்கு முன்னாடியே எறங்க ஆரம்பிச்சிடுறாங்க.”

“புரியல.”

“காலை உள்ள இழுத்துக்கிறாங்க. பையை இறுக்கிப் பிடிக்கிறாங்க. மூச்சு ஒரு தடவை தடுக்கி, அப்புறம் சீராவுது. தூங்குறவங்களுக்குக்கூட அப்படித்தான். அவங்களுக்கே அது தெரியாது.”

நசீமா யோசித்தாள். “என் மாமியார் எப்ப எழுந்து கிளம்புவாங்கன்னு சொல்லுமா?”

“நீ பத்தடிக்குள்ள நிக்கணும்.”

“அப்ப வேணாம்.”

ரயில்பெட்டியில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. பிரமிளாதான் கதவருகிலிருந்து தொடங்கி எண் போட்டாள். திரையில் பெட்டி ஒரு கட்டம்போலத் தெரியும். எழுந்திருக்கப் போகிற இடம் பச்சை, மற்றவை சிவப்பு. முதல் வாரம் பத்துக்கு ஆறு சரியாக இருந்தது. மூன்றாவது வாரம் பத்துக்கு ஒன்பது. நசீமாவுக்கும் எஸ்தர் டீச்சருக்கும் அனுப்பினாள். அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போயிற்று. டப்பாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றின் கணக்கை மற்றது சரிபார்த்தன. கோடை முடிவதற்குள் அந்தப் பெட்டியில் அது இல்லாத ஆளைத் தேடவேண்டியிருந்தது. பிரமிளாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. தேர்வாளர் தன் குறிப்பில் ‘எளிமை, பயன்’ என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு யாரும் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க என்ன அவசியம்? பச்சை எங்கே தெரிகிறதோ அங்கே போய் நின்றால் போதும். பேச்சில் பெயர்கள் போய் எண்கள் வந்தன. “பன்னெண்டு எழுந்திருக்குது பாரு”, “முப்பதுக்குப் போ, காலியாவுது.” பிரமிளாவே ஆவடியில் எழுந்துகொள்கிற ஒன்பதாம் எண்ணுக்கு மாறிக்கொண்டாள், கஸ்தூரியின் இடத்துக்காகக் காத்திருப்பதைவிடப் பத்து நிமிஷம் லாபம். ஒருநாள் எஸ்தர் டீச்சர் வில்லிவாக்கத்தைத் தவறவிட்டு பெரம்பூர் வரை தூங்கிக்கொண்டே போனார். மறுநாள், “லேட்டா வர்ற பிள்ளைங்களை வெளிய நிக்க வைக்கிறது நான். நேத்து நானே கேட்டுக்கு வெளிய நின்னேன்” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது ஏன் நடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஜூலை எட்டாம் தேதி காலை, வண்டி நெமிலிச்சேரியை விட்டுக் கிளம்பியபோது இருபத்து மூன்று பச்சையானது.

சுற்றி நின்றவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். பட்டாபிராம் வந்தது. இருபத்து மூன்று எழுந்திருக்கவில்லை. இந்துக் கல்லூரி வந்தது. எழுந்திருக்கவில்லை.

“உன் டப்பா பொய் சொல்லுது பிரமிளா” என்று நசீமா கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தாள். “இருபத்து மூணு பச்சையா எரியுது, ஆளு அசையக் காணோம். ஏழு பேரு வெயிட்டிங்ல நிக்கிறோம், கல்யாணப் பந்தி மாதிரி.”

“பந்தியில உக்காந்தவ எழுந்திருக்கணும்ல” என்றாள் இன்னொருத்தி.

பிரமிளாவுக்கு முகம் சூடானது. தன் நிரலில் பிழை என்று பத்துப் பேர் முன்னால் சொன்னால் எப்படியிருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கூட்டத்தில் புகுந்து இருபத்து மூன்றுக்கு முன்னால் போய் நின்றாள். போர்த்திய முந்தானை தெரிந்தது. ஜன்னலில் சாய்ந்த தலை தெரிந்தது. பையின் வாரை இறுகப் பிடித்திருந்த கை தெரிந்தது. இறங்கப் போகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். அதனால்தான் பச்சை என்று நினைத்தாள். ஆனால் தூங்குகிறாள், எழவில்லை. ஆகவே பிழை. நான்கு வருஷமாகத் தான் தோளைத் தொட்டு எழுப்பிய ஆள் அது என்பது ஒரு கணம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தது இருபத்து மூன்று.

தலையைக் குனிந்துகொண்டு, நின்ற இடத்திலேயே, கட்டைவிரலால் ஒரு வரி சேர்த்தாள். பத்து நிமிடத்துக்கு மேல் பச்சையாக இருந்தும் எழவில்லை எனில், சிவப்பாக்கு. பாடத்தில் சொல்லியிருந்தபடி, பின்னால் படிக்கிறவர்களுக்குப் புரிவதற்காகப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினாள். ‘23. பொய்ப் பச்சை. சரிசெய்யப்பட்டது.’ வண்டி ஆவடிக்குள் நுழையும்போது அதை எல்லா டப்பாக்களுக்கும் அனுப்பினாள். இருபத்து மூன்று சிவப்பானது. ஏழு பேரும் நகர்ந்து போனார்கள். ஆவடியில் ஒன்பது எழுந்தது. பிரமிளா போய் உட்கார்ந்தாள். ஓடுகிற ரயிலில் நின்றபடி பிழை திருத்திவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. சென்ட்ரல் வரை அந்தப் பெருமை இருந்தது.

மறுநாள் நசீமாதான் சொன்னாள். “கஸ்தூரி அக்கா போயிட்டாங்க. வண்டியிலயே. சென்ட்ரல்ல பெருக்குறவங்க எழுப்பிப் பார்த்திருக்காங்க, எழுந்திருக்கல. ஹார்ட்டு.”

“எப்ப?”

“நேத்து காலையிலதான். நம்மகூட வந்திருக்காங்க, நமக்குத் தெரியல பாரு. வழியில எங்கயாவது எறக்கியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். பாவம், தூக்கத்துலயே போயிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க.”

சாப்பாட்டு நேரத்தில் பிரமிளா டிபனைத் திறக்காமல் டப்பாவைத் திறந்தாள். திரையில் நிறங்கள் மாறிப் போகும். ஆனால் உணரி கண்டதெல்லாம் உள்ளே பதிவாகி இருக்கும். நிரலை எழுதியவள் என்பதால் பெட்டி முழுவதன் பதிவும் அவளிடம்தான் சேர்ந்தது. ஜூலை எட்டு, இருபத்து மூன்றாம் எண்ணைத் தேடி எடுத்தாள். எட்டு இருபத்தாறுக்கு மூச்சு தடுக்கியது. இறங்கப் போகிறவர்களுக்கு ஒரு தடவை தடுக்கிவிட்டுச் சீராகும். இது சீராகவே இல்லை. கால்கள் உள்ளே இழுத்துக்கொண்டன, நீண்டன, மறுபடி இழுத்துக்கொண்டன. கை இறுகியது. பதினோரு நிமிஷம். எட்டு முப்பத்தேழுக்கு அவள் அனுப்பிய திருத்தம் வந்தது. அதற்குப் பின்னும் கோடு மெலிதாக ஓடியது. திருமுல்லைவாயல் தாண்டி, எட்டு நாற்பத்து நாலில் நின்றது.

தூக்கத்தில் போகவில்லை. எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். நிரல் பொய் சொல்லவில்லை. அது தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், பதினோரு நிமிஷம் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு பேர் வந்தும் நின்றார்கள், இடத்துக்காக.

பக்கத்து மேஜைக்காரர், “என்னம்மா, சாப்பிடலையா?” என்றார். “பசியில்லை சார்” என்று சொல்லி டப்பாவை மூடினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க முடியாததால் வேறொன்று செய்தாள். இரண்டு மாதம், போகும்போதும் வரும்போதும், நிரலை மாற்றி எழுதினாள். மூச்சு தடுக்கிவிட்டுச் சீராகாமல் போனால் அந்த இடம் மஞ்சளாகும், சுற்றியுள்ள எல்லா டப்பாவும் சத்தமிடும். செப்டம்பரில் கொரட்டூரில் அது சத்தமிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை இறக்கினார்கள், பிழைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் கூட்டம் போட்டு பிரமிளாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்று மாலை அதை மடித்துப் பையின் அடியில் வைத்த பிறகும், தோளில் அது இருந்துகொண்டே இருந்தது. “கஸ்தூரி அக்கா செத்ததைப் பார்த்துத்தான் உனக்கு இந்த யோசனை வந்துச்சு, இல்ல?” என்று நசீமா பெருமையோடு கேட்டாள். பிரமிளா ஆமாம் என்றாள். அது பொய்யுமில்லை.

அக்டோபரில் மோனிகா வந்தாள்.

கஸ்தூரியின் மகள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். அம்மா பார்த்த வேலையைக் கேன்டீனில் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதே கடம்பத்தூர், அதே வண்டி. முதல் நாள் ஏறியதும், “எங்கம்மா பக்கத்துல அன்னைக்கு யாரு உக்காந்திருந்தீங்க?” என்று பொதுவாகக் கேட்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் நினைவில்லை. சண்டைக்கு வந்தவள் இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியாக அம்மா ஏதாவது பேசினாளா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கையிலும் ஒரு பழைய டப்பா இருந்தது.

“அம்மா மாதிரி முப்பது வருசம் குழம்பு கிண்ட முடியாதுக்கா” என்றாள் பிரமிளாவிடம். “இந்த வண்டியிலயே படிச்சு நீங்க பாஸ் பண்ணீங்களாமே. நானும் பாக்குறேன்.”

கெட்டிக்காரி. பிரமிளாவுக்கு இரண்டு மாதம் பிடித்த பாடங்களை அவள் மூன்று வாரத்தில் முடித்தாள். சந்தேகம் கேட்பாள்; பிரமிளா சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் மடியில் இருக்கும் பையின் வாரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் மோனிகா, “உங்க அலாரம் ப்ரோக்ராமைப் படிச்சுப் பாக்கணும்க்கா. உள்ள எப்படி எழுதியிருக்கீங்கன்னு. அனுப்புறீங்களா? பழசும் சேர்த்து” என்று கேட்டாள்.

பிரமிளா அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் ஒரு குறிப்பை அழித்திருக்கலாம், ஒரு தேதியை மாற்றியிருக்கலாம். விரல் அந்த வரி வரைக்கும் போயிற்று. வாயால் சொல்ல முடியாததை அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாளா, அவ்வளவு தூரம் படிக்க அவளுக்கு வராது என்று நினைத்தாளா என்பதைப் பிரமிளா தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அழிக்காமல் அனுப்பினாள்.

பதினாறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள் வேப்பம்பட்டில் ஏறியபோது மோனிகா கையசைத்துக் கூப்பிட்டாள்.

“ஒரு சந்தேகம்க்கா.”

“எந்தப் பாடம்?”

“பதினாலு. உதாரணம் காட்டாம எந்த ப்ரோக்ராமும் எதையும் கத்துக்காதுன்னு போட்டிருக்கு. உங்க அலாரத்துக்குள்ள ‘மாதிரி’ன்னு பேர் போட்டு ஒரு பதிவு இருக்கு. ஒண்ணே ஒண்ணு. ஜூலை எட்டு, எட்டு இருபத்தாறு.”

பிரமிளா கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“எங்கம்மா செத்த தேதி எனக்குத் தெரியும்க்கா. நேரம்தான் தெரியாம இருந்துச்சு. டாக்டராலயும் சொல்ல முடியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு.” அவள் குரல் உயரவில்லை, கறிகாய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். “அன்னைக்கே பழைய ப்ரோக்ராம்ல ஒரு வரி சேர்த்திருக்கீங்க. பொய்ப் பச்சைன்னு பக்கத்துல எழுதியும் வெச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“அது எங்கம்மாவா?”

“ஆமா.”

“தெரிஞ்சு எழுதினீங்களா?”

“இல்ல மோனிகா. நம்பரைத்தான் பார்த்தேன். ஆளைப் பார்க்கல.”

“எவ்ளோ தூரத்துல நின்னீங்க?”

அது எந்தப் பதிவிலும் இல்லை. எங்கே நின்றாள் என்பதை நிரல் குறித்துக்கொள்வதில்லை. பெட்டியின் மறுகோடியில் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

“நேர் முன்னால. உங்கம்மா முழங்கால் என் பையில இடிச்சிக்கிட்டிருந்துச்சு.”

மோனிகா தலையை ஆட்டினாள். வண்டி பட்டாபிராமில் நின்று கிளம்பியது. நான்கு மாதமாக இந்த நேரத்துக்காக பிரமிளா சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. “அந்த அலாரத்தை நான் உங்கம்மாவுக்காகத்தான்...” என்று தொடங்கினாள்.

“அதைச் சொல்லாதீங்க.”

பிரமிளா நிறுத்தினாள்.

“வேற யாரு நின்னாங்க?”

“ஏழு பேரு.” கதவருகே நசீமா யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

மோனிகா அந்தப் பக்கம் சற்று நேரம் பார்த்தாள். “தெரிய வேணாம்” என்றாள்.

ஆவடியில் கதவு திறந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மோனிகாவுக்குப் பக்கத்து இடம் காலியானது. பிரமிளாவின் கால்கள் பழக்கத்தில் அந்தப் பக்கம் நகர்ந்தன.

“உக்காராதீங்க” என்றாள் மோனிகா. “அன்னைக்கு நின்ன மாதிரி இங்க நில்லுங்க. டப்பாவை உள்ள வைங்க. பதினோரு நிமிசம் என் முகத்தைப் பாருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

பிரமிளா டப்பாவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். காலி இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றாள். பிரமிளா நகரவில்லை.

முதலில் பார்க்க முடியவில்லை. கண் ஜன்னலுக்குப் போயிற்று, மேலே கைப்பிடிக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் மோனிகா காத்திருந்தாள், கண் திரும்பி வரும் வரை. அவள் அழவில்லை, முறைக்கவில்லை, தன்னைப் பார்க்கக் கொடுத்தாள், அவ்வளவுதான். அண்ணனூர் தாண்டும்போது பிரமிளா பார்க்கத் தொடங்கினாள். மேலுதட்டில் வேர்வை துளிர்த்திருந்தது, இந்த ஏசியிலும். இடது புருவத்தின் மேல் ஒரு நரம்பு துடித்தது. மூச்சை இழுப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் எதையோ விழுங்கினாள். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. கண்ணிமைகள் வீங்கியிருந்தன, பல நாளாகத் தூங்கவில்லை என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவ்வளவும் தெரிவதற்கு எந்த உணரியும் தேவையில்லை. ஒரு நிமிஷம் கூடப் பிடிக்கவில்லை.

திருமுல்லைவாயல் வந்தது, போனது. எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பிரமிளாவுக்குத் தெரியவில்லை. கடிகாரம் டப்பாவுக்குள் இருந்தது. கால் கடுத்தது. அம்பத்தூரில் கூட்டம் மாறியது. முதுகில் இடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. கஸ்தூரியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். வரவில்லை. நான்கு வருஷம் தொட்டு எழுப்பியவளின் முகத்தில் முந்தானையின் கரை மட்டும்தான் ஞாபகம் இருந்தது. இந்த முகம் அந்த முகத்தைப் போல இருக்கிறதா என்று கேட்கக்கூட அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

வண்டி பட்டரவாக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. கேன்டீன் பெண்கள் இரண்டு பேர் இறங்கி, திரும்பிப் பார்த்து, “ஏய், மோனிகா, வரல?” என்று கூப்பிட்டார்கள்.

மோனிகா அசையவில்லை. பிரமிளாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

“இன்னும் முடியலக்கா” என்றாள்.